நாய் வாலாட்டுவது சோற்றுக்கா, பாசத்துக்கா? உசிலம்பட்டித் தங்கையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். “எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் இருக்கிறது. யாரும் வளர்க்கவில்லை. நான் ராத்திரி மிச்சச் சோறு வைப்பேன். இப்போது தினமும் காலையில் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, நான் ஏறின பிறகுதான் திரும்பிப் போகிறது. ‘சோத்தை நிறுத்திப் பாரு, திரும்பிக்கூடப் பாக்காது’ என்கிறார் அப்பா. செந்நாயைப் பிடித்து அடித்துப் பழக்கித்தான் மனிதன் நாயை உண்டாக்கினான், அது ஓர் அடிமை, பாசமெல்லாம் நம் கற்பனை என்கிறான் அண்ணன். யார் சொல்வது சரி? முதன்முதலில் நாய் எப்படி மனிதனிடம் வந்தது?”

நல்ல கேள்வி. நாய்களுக்கு ஊசி போட்டே காலத்தை ஓட்டினவன் நான், அதனால் இதில் எனக்கும் ஓர் ஆசை உண்டு. ஆனால் ஆசையை வைத்துப் பதில் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு இதற்கெல்லாம் சோதித்துப் பார்த்த பதில்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் அண்ணனை எடுத்துக்கொள்வோம், அது சுலபம். வருசநாடு, மேகமலைப் பக்கம் காட்டோரம் இருப்பவர்களுக்குச் செந்நாயைத் தெரியும். செம்பட்டை உடம்பு, நுனியில் கறுத்த புசுபுசு வால். தெருவில் திரியும் செவலை நாயைப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். வாயைத் திறந்து பார்த்தால் கதை வேறு. நாய்க்குக் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் பின்கடைவாய்ப் பல் மூன்று இருக்கும். செந்நாய்க்கு இரண்டுதான். நாய்க்கு மொத்தம் 42 பல், செந்நாய்க்கு 40. செந்நாய் நம் நாய் மாதிரிக் குரைக்கவும் குரைக்காது, விசில் அடிப்பது போலக் கூப்பிட்டுக்கொள்ளும். ஒரே குடும்பம்தான், ஆனால் எப்போதோ பிரிந்துபோன பங்காளி.

நரியா என்று கேட்பவர்களும் உண்டு. டார்வினே ஒரு காலத்தில், ஓநாய், நரி எனப் பல விலங்குகளிலிருந்து நாய் வந்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். 1997ல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. நாய் ஓநாயிலிருந்து வந்தது, வேறு எதிலிருந்தும் இல்லை. ராஜபாளையமும் பொமரேனியனும் நம் தெரு செவலையும் எல்லாம் ஓநாயின் வழிதான். ஆனால் இன்றைக்கு உயிரோடு இருக்கிற எந்த ஓநாய்க் கூட்டமும் நாய்க்கு நேர் மூதாதை இல்லை. நாயைத் தந்த ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது. 2022ல் உலகம் முழுவதும் கிடைத்த 72 பழைய ஓநாய்களின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாப் பக்கத்துப் பழைய ஓநாய்களைவிட ஆசியாவின் கிழக்குப் பக்கத்துப் பழைய ஓநாய்களுக்குத்தான் நாய் நெருக்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. எந்த ஊர், எந்த ஆறு என்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை.

காலம்? குறைந்தது 15,000 வருடம். அப்போது ஆடு கிடையாது, மாடு கிடையாது, கோழி கிடையாது, வயலும் கிடையாது. மனிதன் வேட்டையாடித் திரிந்த பனிக்காலத்திலேயே நாய் கூட இருந்தது. மற்ற வளர்ப்புப் பிராணிகளெல்லாம் நாம் ஓர் இடத்தில் உட்காரத் தொடங்கின பிறகு வந்தவை. 2020ல் வந்த இன்னொரு ஆய்வின்படி, 11,000 வருடத்துக்கு முன்னாலேயே நாய்கள் குறைந்தது ஐந்து கிளைகளாகப் பிரிந்து பரவியிருந்தன. மனிதன் பயிர்த்தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, எப்படி வந்தது? அண்ணன் சொல்கிற ‘பிடித்து அடித்துப் பழக்கினான்’ என்பது பலரும் நம்புகிற கதை. ஓநாய்க் குட்டியைத் தூக்கி வந்து வளர்த்திருப்பார்கள் என்று கொஞ்சம் மென்மையாகவும் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓநாய்க் குட்டி பிறந்து இரண்டு வாரத்திலேயே, கண்ணும் காதும் சரியாக வேலை செய்யத் தொடங்கும் முன்பே, மூக்கை மட்டும் நம்பி வெளியே நடமாடத் தொடங்கிவிடும். நாய்க்குட்டி அதற்கு நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அந்த முதல் சில வாரத்தில் எதைப் பார்த்து முகர்ந்து பழகுகிறதோ அதைத்தான் குட்டி தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும், அப்புறம் பயம் வந்துவிடும். அதனால் ஓநாய்க் குட்டியைக் கண் திறக்கும் முன்பே எடுத்து, இரவும் பகலும் மேலேயே போட்டு வளர்த்தால்தான் மனிதனைச் சகிக்கும். அப்படி வளர்த்தாலும் பெரிதானதும் அது ஓநாய்தான். ஒரு குட்டியைப் பழக்கலாம், ஆனால் பழக்கம் அதன் குட்டிக்குப் போகாது. அடித்துப் பழக்குவது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

இன்னொரு விளக்கம், ஓநாய் தானாகவே வந்தது என்பது. அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் இதை ரொம்ப அழுத்தமாகச் சொன்னவர். மனிதன் தங்கிய இடத்தில் எலும்பும் கழிவும் கிடந்தன, பயம் குறைந்த ஓநாய்கள் கிட்டே வந்து தின்றன, மற்றவை ஓடிவிட்டன என்றார். இதைப் புரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊரில் எந்தக் கறிக்கடை முன்னாலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் கத்தியை ஓங்கும்போது மரக்கட்டைக்குக் கீழேயே படுத்திருக்கிற நாய் ஒன்று இருக்கும். பத்தடி தள்ளி நின்று எட்டிப் பார்க்கிற நாய் ஒன்று இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்று, யாராவது குனிந்தாலே ஓடிவிடுகிற நாயும் ஒன்று இருக்கும். கொழுப்பு வெட்டிப் போடும்போது அது முதல் நாயின் வாயில்தான் விழும். அதற்குத்தான் வயிறு நிறையும், அதன் குட்டிதான் பிழைக்கும். அந்தக் குட்டிக்கும் தாயின் தைரியம் கொஞ்சம் ரத்தத்தில் வரும். இதையே பல நூறு தலைமுறைக்கு நீட்டிப் பாருங்கள், யாரும் பிடிக்காமலே, யாரும் அடிக்காமலே வேறொரு பிராணி வந்து நிற்கும்.

இதற்கும் ஓர் எதிர்க்கேள்வி உண்டு. ஊர் என்ற ஒன்றே இல்லாத வேட்டைக் காலத்தில் குப்பைமேடு ஏது? 2021ல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள். பனிக்காலத்தின் கடும் குளிரில் மான் போன்றவற்றின் உடம்பில் கொழுப்பே இருக்காது. வெறும் கறியை மட்டும் தின்று மனிதனால் வாழ முடியாது, நம் கல்லீரல் அவ்வளவு புரதத்தைத் தாங்காது. கொழுப்பையும் மஜ்ஜையையும் எடுத்துக்கொண்டால் சிவப்புக் கறி நிறைய மிஞ்சும். ஓநாய்க்கு அந்தக் கறியே போதும். அதாவது ஒரே வேட்டைக்குப் போட்டியிட வேண்டிய இரண்டு மிருகம் அந்தக் குளிரில் பங்கு பிரித்துக்கொள்ள முடிந்தது. எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். ஓநாய் தானாகக் கிட்டே வந்ததும், மனிதன் ஒரு குட்டியை எடுத்து மடியில் வைத்ததும் இரண்டுமே நடந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பயமில்லாததை மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே செய்து காட்டியவர்கள் ரஷ்யாக்காரர்கள். 1959ல் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், அவருடன் லியுத்மிலா த்ரூட். சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் தோலுக்காக வளர்த்த வெள்ளி நரிகளில், மனிதன் கைநீட்டும்போது சீறாதவற்றை மட்டும் இணை சேர்த்தார்கள். அழகு பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. நான்காம் தலைமுறையிலேயே ஆளைக் கண்டு வாலாட்டுகிற குட்டி வந்தது. போகப் போகக் காது மடிந்தது, வால் சுருண்டது, உடம்பில் வெள்ளைத் திட்டு வந்தது. 2019ல் இதற்கு ஒரு மறுப்பும் வந்தது. அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலேயே ஓரளவு பழகியிருந்தவை, வெள்ளைத் திட்டும் அங்கேயே இருந்தது என்று. நியாயமான மறுப்புதான். ஆனாலும் சாந்தகுணம் தலைமுறை தாண்டிப் போகும் என்கிற அடிப்படை அசையவில்லை. அதனால் அண்ணனிடம் சொல்லுங்கள், ‘அடிமை’ என்ற சொல் இங்கே பொருந்தாது. கிட்டே வருவதா வேண்டாமா என்பதில் ஓநாயின் முடிவும் பாதி இருந்தது.

இப்போது அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அதற்கு முன் ஜெர்மனியில் ஒரு கல்லறையைப் பார்க்க வேண்டும். 1914ல் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில், கல் குவாரியில் வேலை செய்தவர்கள் தோண்டும்போது ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய் மூன்றின் எலும்பும் ஒன்றாகக் கிடைத்தன. வயது 14,000 வருடத்துக்கு மேல். அந்த நாய் ஒரு குட்டி. இறக்கும்போது ஏழு மாதம்கூட நிரம்பவில்லை. 2018ல் அதன் பற்களை ஒரு கால்நடை மருத்துவரும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து திரும்பப் பார்த்தார்கள். பல் முளைக்கிற காலத்தில் கடுமையான நோய் வந்தால் எனாமலில் கோடும் குழியும் விழும், அது அழியாது. அந்தக் குட்டியின் பல்லில் அந்த அடையாளம் இருந்தது. ஐந்தாவது மாத வாக்கில் அதற்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் வந்திருக்கிறது, அதுவும் விட்டு விட்டுச் சில முறை.

டிஸ்டெம்பர் வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். மூக்கில் சளி கட்டி மூச்சு அடைக்கும். கண்ணில் பீளை வழிந்து இமை ஒட்டிக்கொள்ளும். வாந்தி, கழிச்சல். அப்புறம் தாடையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். தானாகத் தின்னாது. இன்றைக்கு டிரிப்ஸும் மருந்தும் இருந்தும் எத்தனையோ குட்டிகளை நாங்கள் இழக்கிறோம். வெதுவெதுப்பாக வைத்து, மூக்கைத் துடைத்து, கஞ்சியோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, கழித்ததை எடுத்துப் போட்டு யாராவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்தக் குட்டி நோய் கண்ட பிறகும் பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் பனிக்காலத்தில், நாளைக்கு வேட்டை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற வாழ்க்கையில், யாரோ அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்டைக்கு அது உதவவில்லை, காவலுக்கும் உதவவில்லை, உதவுகிற வயதும் இல்லை, தெம்பும் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டார்கள், கடைசியில் தங்கள் மனிதர்களோடேயே புதைத்தார்கள். நம் பக்கம் பாசம் எப்போது தொடங்கியது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இந்தக் குட்டியின் பல்லைத்தான் காட்டுவேன்.

நாயின் பக்கம்? அப்பா கேட்பது அதைத்தான். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவர், மயக்க ஊசி போடாமல், முழித்த நிலையிலேயே ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கினார். 2016ல் 15 நாய்களிடம் ஒரு சோதனை. ஓர் அடையாளம் காட்டினால் தின்பண்டம் வரும், இன்னொன்று காட்டினால் வளர்ப்பவர் வந்து செல்லமாகப் பேசுவார். மூளையில் சந்தோஷம் எதற்கு அதிகம் எழுகிறது என்று பார்த்தார்கள். இரண்டே நாய்களுக்குத்தான் தின்பண்டம் மேலே நின்றது. ஒன்பதுக்கு இரண்டும் சமம். நான்குக்கு வளர்ப்பவரின் குரலே மேல்.

அது வீட்டு நாய், எங்கள் செவலை தெருநாய் என்பீர்கள். அதற்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கொல்கத்தாவில் ஐசர் (IISER) என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு வருடக்கணக்காக இந்தியத் தெருநாய்களைத்தான் ஆராய்கிறது. 2017ல் அவர்கள் வெளியிட்டது ரொம்ப முக்கியமானது. முன்பின் தெரியாத ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பச் சாப்பாடு கொடுத்தார், வேறு சில நாய்களைத் திரும்பத் திரும்பத் தலையைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதரை எந்த நாய்கள் அதிகம் நம்பின தெரியுமா? தடவிக் கொடுக்கப்பட்ட நாய்கள். தெருநாய்க்குச் சோறு பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. கல்லடி படுகிற வாழ்க்கையில் அடிக்காத ஒரு கை அதைவிடப் பெரிய விஷயம்.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015ல் காட்டியது இன்னும் ஆழமானது. நாயும் வளர்ப்பவரும் கொஞ்ச நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் ஏறுகிறது. தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கிற அதே ஹார்மோன். கையில் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை, அவை மனிதனின் கண்ணை அப்படி நீண்ட நேரம் பார்ப்பதே இல்லை. ஹங்கேரியில் முன்பு ஒரு சோதனை செய்தார்கள். திறக்க முடியாதபடி கட்டிய பாத்திரத்தில் கறியை வைத்தார்கள். ஓநாய் கடைசிவரை கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. நாய் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தது. அப்பா இதை என்னவென்று சொல்வார்? கறி வேண்டித்தான் பார்க்கிறது, உண்மை. ஆனால் முடியாதபோது இவரிடம் கேட்கலாம் என்று அதற்கு எப்படித் தோன்றியது? நாம் அம்மாவிடம் சோறு கேட்கிறோம் என்பதால் அம்மா மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சோறும் பாசமும் எதிர் எதிர்க் கட்சி என்று வைத்துக்கொண்டதுதான் இந்த வாதத்தில் உள்ள கோளாறு.

சோறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும்போது ராத்திரி போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஆடுகளை வலைக்குள் அடைத்துவிட்டுக் கிடைக்காரர் ஓரமாகக் கட்டிலைப் போட்டுச் சாப்பிட உட்காருவார். நாய் கிட்டே வந்து பிடுங்காது. வலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கைக்கு எட்டாத தூரத்தில் முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். தூக்குவாளியின் அடியில் மிஞ்சின சோற்றையும் குழம்பையும் அவர் ஒரு கல்லின் மேல் கவிழ்த்ததும்தான் எழுந்து வரும். இப்படி வெறும் சோற்றிலும் கம்பங்கூழிலும் ஓநாய் வாழாது. 2013ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களில் 4 முதல் 30 வரை போகிறது. நாம் பயிர்த்தொழிலுக்கு மாறியபோது நாயின் வயிறும் நம்மோடு மாறியிருக்கிறது. பயிர்த்தொழிலே செய்யாத பனிப்பிரதேசத்து நாய்களிடம் இந்தப் பெருக்கம் குறைவு. எந்த மனிதரோடு இருந்ததோ அவர் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டு உடம்பையே மாற்றிக்கொண்ட பிராணி இது.

நம் முன்னோர் இந்த உறவைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் தொலைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் 1,400 வருடமாகக் கல்லில் நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கேள்வியின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். தெருநாய் கலப்படம், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இதெல்லாம்தான் அசல் என்கிறார்களே என்று. அந்த நான்கும் நம் தென்மாவட்டத்தின் சொத்து. 2005ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலைகூட வந்தது. சிப்பிப்பாறையின் ஒல்லி இடுப்பும் நீண்ட காலும் கரிசல் காட்டு ஓட்டத்துக்கென்றே மனிதன் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. அவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் நாயின் 15,000 வருடத்தில் இப்படி இனம் பிரித்தது கடைசிக் கொஞ்சப் பகுதிதான். அதற்கு முன்பு பெரும்பாலும் நாய் என்றால் உங்கள் செவலை மாதிரித்தான். தன் துணையைத் தானே தேடிக்கொண்டு, ஊரோடு ஒட்டி, ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் வாழ்ந்தது. அதைக் கலப்படம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதனால் தங்கச்சி, பஸ் ஸ்டாப் வரை அது வருவதைச் சந்தேகப்பட வேண்டாம். சோற்றை நிறுத்தினால் ஒருவேளை அடுத்த தெருவுக்குப் போகும், அதற்கும் வயிறு இருக்கிறது. அப்பா சொன்ன சோதனையால் அதற்குமேல் எதுவும் நிரூபணமாகாது.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தின்னும்போது தொடாதீர்கள். மற்ற நேரத்தில் தலையைத் தொட விடுகிறது என்றால், உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்லி, பழகின ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊசி போட்டுவிடுங்கள், வருடா வருடம் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதை ஒட்டிப் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும். எப்போதாவது பல்லோ நகமோ பட்டுவிட்டால், பழகின நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். செவலை பெட்டையாக இருந்தால் கருத்தடை பற்றியும் அந்த மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.